அழுதவர் பெயர்

பெங்களூர் தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் கம்ப்யூட்டர் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டது. கறுப்புத் திரையில், ஆங்கில எழுத்துகளில், அசல் தமிழில், ‘படிச்சியா?’ என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுபோனது.

நான் அப்போது கற்றுக்குட்டி இல்லை. சென்னையில் ஐந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவன். ஊர் வாணியம்பாடி. வாய் கொஞ்சம் நீளம், தலைக்கனமும் உண்டு. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்ற Y2K பூச்சாண்டி ஓய்ந்து, இருக்கிற வேலை நிலைத்தால் போதும் என்று எல்லோரும் நினைக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. என் மெஷினைத் தயார்செய்ய ஒரு கான்ஃபிக் ஃபைல் தேவைப்பட்டது. ஒரு புரோகிராம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்கு வரி வரியாகச் சொல்லிவைக்கிற ஃபைல். அதை முதல் வரியிலிருந்து எழுத எந்தப் புத்திசாலியும் உட்கார மாட்டான். பக்கத்தில் இருப்பவரிடமிருந்து அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் எங்கள் தொழிலின் வழக்கம். பக்கத்து சீட் ஹாசன்காரர், எல்லாம் ‘சில்லறை’யில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்தேன். ஓட்டினேன். படிச்சியா என்று கேட்டது.

பின்னால் ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கையில் பாதி தின்ற காரா பன்.

“இன்னா சார், மெட்ராஸ்ல படிக்காமயே கையெழுத்து போடுவீங்களா?”

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே இதைப் படிப்பார். அன்றைக்கு ஆபீஸில் எல்லோரும் அவரை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்கூல் மிஸ் மாதிரி எதற்கெடுத்தாலும் ‘படிச்சியா’ என்று கேட்பதால் வந்த பெயர். எனக்கு அப்படிக் கூப்பிட இரண்டு வாரம் மனம் வரவில்லை. அப்புறம் வந்துவிட்டது.

சில்லறை என்பது ஆபீஸ் சர்வரில் அவர் உண்டாக்கிய ஒரு டைரக்டரி. சின்னச் சின்ன வேலைக்கான கோட் துண்டுகளும், அவ்வப்போது தேவைப்படுகிற கான்ஃபிக் ஃபைல்களும் அதில் கிடக்கும். தேதியைத் திருப்பிப் போட ஒன்று, பெரிய ஃபைலைத் துண்டாக வெட்ட ஒன்று, வேண்டாத வரிகளைப் பொறுக்கி எறிய ஒன்று. பஸ்ஸில் ஏறினால் கையில் சில்லறை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்டக்டரிடம் திட்டு வாங்க வேண்டும், அதனால்தான் அந்தப் பெயர் என்றார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஒவ்வொரு துண்டிலும் நடுவில் எங்கேயோ, அரிசியில் கல் கிடப்பது மாதிரி, ஒரு வரி கிடக்கும். அந்த வரிதான் ஓட்டத்தை நிறுத்தி ‘படிச்சியா?’ என்று கேட்கும். துண்டை மேலிருந்து கீழே வரை படித்தவர் கண்ணில் அது படும். பொறுக்கிப் போட்டுவிட்டு ஓட்டினால் ஒழுங்காக ஓடும். படிக்காதவர் மாட்டிக்கொள்வார்.

ஒவ்வொரு துண்டின் தலையிலும் மூன்று வரி இருக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். இது என்ன செய்யும், இதை எப்போது தொடக்கூடாது, அழுதவர் யார். மூன்றாவது வரி எனக்கு முதலில் புரியவில்லை. அதாவது, இந்த விஷயத்தைக் கண்டுபிடிக்க யார் மண்டையை உடைத்துக்கொண்டாரோ அவர் பெயர். எழுதியவர் பெயரைப் போடக் கூடாதா என்று கேட்டேன். எழுதுவது யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள், அழுதவருக்குத்தான் அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும் என்றார் மிஸ். ஆபீஸில் அந்த வரியில் பெயர் வருவதற்கு ஒரு போட்டியே நடந்தது. இரண்டு நாள் ஒரு சிக்கலில் கிடந்து எழுந்தவர்கள் முதலில் சாப்பிடப் போக மாட்டார்கள். நேராகப் போய் அழுதவர் வரியில் தங்கள் பெயரைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

அப்புறம் அந்த மணி. சிவாஜிநகரில் பழைய சாமான் கடையில் வாங்கிய சைக்கிள் பெல் ஒன்றை மிஸ் தன் மேஜை விளிம்பில் ஸ்க்ரூ போட்டு முடுக்கி வைத்திருந்தார். அழுத விஷயம் தீர்ந்தால் தீர்த்தவர் போய் அதை அடிக்க வேண்டும். அடித்தால் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்க வேண்டும். அதிக தடவை அடித்தது மிஸ்தான். அடக்கம் என்ற குணம் அவருக்குக் கிடையாது. அடித்துவிட்டு, “யாரு? நாந்தான்” என்று தானே சொல்லிக்கொண்டு, கீழே பேக்கரிக்குப் போய் இனிப்புத் தேங்காய்ப்பூ வைத்துச் சுட்ட ஒரு தில்பசந்த் வாங்கி வந்து முக்கோணமாக வெட்டி எல்லோர் மேஜையிலும் வைப்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் தில்பசந்தைச் சாப்பிட்டுவிடுவோம்.

மிஸ் பக்கத்திலேயே மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ஃபேக்டரியில் ஃபிட்டர், அம்மா வீட்டில் தையல். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திரும்பி, நடுவில் இரண்டு உருது வார்த்தையைப் போட்டு, ஆங்கிலத்தில் முடிப்பார். வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பார். சும்மா என்பதற்கு ‘சும்னே’. வேலை விஷயத்தில் மட்டும் ‘சும்னே’ என்ற வார்த்தையே அவருக்கு ஆகாது. ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டு, யாராவது ‘சும்னே இருக்கு மிஸ்’ என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்கச் சொன்னவர் பின்னாலேயே நடப்பார்.

கம்ப்யூட்டருக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். தெருமுனை தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டு சாப்பிடுகிற கூட்டம் முட்டும். மிஸ் போர்டில் எழுதியிருக்கும் அத்தனை ஐட்டத்தையும் மேலிருந்து கீழே படித்துவிட்டு, தினமும் கேட்கிற அதே இட்லி வடையைக் கேட்பார். பின்னால் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். தலைவலி மாத்திரை வாங்கினால் உள்ளே மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைப் பிரித்து முழுக்கப் படித்த பிறகுதான் வாயில் போடுவார். அதற்குள் தலைவலி போய்விட்டது என்று ஒரு தடவை மாத்திரையைத் திருப்பிக் கொடுத்ததை நானே பார்த்தேன்.

கல்யாணப் பேச்சு ஒன்று இதனாலேயே நின்றது. மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தோடு பயோடேட்டாவும் அனுப்பியிருந்தார்கள். மிஸ் அதை வரி வரியாகப் படித்திருக்கிறார். முதல் பக்கத்தில் மாப்பிள்ளை ஓசூரில் வேலை, உயரம் ஐந்தடி எட்டு. இரண்டாவது பக்கத்தில் அதே மாப்பிள்ளை வேறொரு பெயரோடு கோலாரில் வேலை பார்க்கிறார், உயரமும் இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது. யாரோ நண்பனுடைய பயோடேட்டாவை எடுத்து, பாதி மாற்றி, மீதியை மறந்துவிட்டார் மனிதர். அவர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து காபி குடித்த பிறகு, “ரெண்டு மாப்ளைல எவரு வந்துகீறாரு?” என்று மிஸ் கேட்டாராம். ஆபீஸில் இதைச் சொல்லும்போது வருத்தப்படவே இல்லை. மணியை ஒரு தட்டு தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

இனி எங்கள் பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே பெரிய கிளையன்ட் ஐரோப்பாவில் ஒரு துறைமுக ஊரில் மீன் கிடங்கு வைத்திருந்தார்கள். பெரிய பெரிய குளிர் அறைகள். ஒவ்வொரு அறையிலும் சுவரில் ஒரு பெட்டி, அது குளிர் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எங்கள் புரோகிராம் அதைக் கேட்டு, குளிர் குறைந்தாலோ, தாறுமாறாகக் கூடினாலோ, பெட்டி பதில் சொல்லாவிட்டாலோ சைரனை அலறவிட வேண்டும். இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் அவர்களுடைய மற்ற ஊர்க் கிடங்குகளும் எங்களுக்கு வரும். கெட்டால் பேக்கரிக்கு மேலே டூ-லெட் போர்டு மாட்டிவிடுவார்கள். இதை முதலாளியே எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். வீட்டுக் கடன் வாங்கியவர்கள், புதுக் குழந்தைக்காரர்கள், ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டோம்.

அந்தப் புரோகிராமின் கான்ஃபிக் ஃபைலில் நாங்கள் எல்லோருமே அழுதிருந்தோம். நான் அழுதது புள்ளிக்காக. அந்த ஊரில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். மைனஸ் பதினெட்டு கமா ஐந்து என்று பெட்டி அனுப்பும். கமாவைப் புரிந்துகொள்ளாமல் எங்கள் புரோகிராம் அதை மைனஸ் நூற்று எண்பத்தைந்து என்று எடுத்துக்கொள்ளும். அவ்வளவு குளிரில் மீன் என்ன, கிடங்கே உறைந்துபோகுமே என்று இரண்டு நாள் பிரமை பிடித்தவன் மாதிரி திரிந்தேன். கமாவைப் புள்ளியாக எடுத்துக்கொள் என்று ஒரே ஒரு வரி. அதைக் கண்டுபிடித்த அன்று ஓடிப்போய் மணியை அடித்தேன். மிஸ் அந்த வரியின் வாலில் ஒரு ஹாஷ் (#) குறி போட்டு, ‘அந்த ஊர்ல கமாதான் புள்ளி, எடுத்தா மீன் உறையும்’ என்று எழுதிவைத்தார்.

வால் என்பது அவர் வைத்த பெயர். ஹாஷ் குறிக்குப் பின்னால் எழுதுவதைப் புரோகிராம் கண்டுகொள்ளாது. அது மனிதர்கள் படிப்பதற்கு. பெரும்பாலானவர்கள் குறிப்பைத் தனி வரியாக எழுதுவார்கள். மிஸ்ஸோ காரணத்தை அந்தந்த வரியின் கடைசியிலேயே, பிரிக்க முடியாதபடி ஒட்டவைப்பார். ஹாசன்காரருடைய வரிக்கு ஒரு வால், என் வரிக்கு ஒரு வால். சந்தாபுராவிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்த ஒருவருடைய வரிக்கு ரொம்ப நீளமான வால். அழுதுவைத்த வரி ஒவ்வொன்றுக்கும் வால் இருந்தது. சும்மா வழக்கத்துக்கு எழுதியவை மொட்டையாக இருந்தன.

இந்த நிலையில்தான் புது மேனேஜர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சட்டையை மடிப்புக் கலையாமல் உடுத்துகிறவர், எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். அவர் வந்த சில வாரத்தில் கிளையன்ட் ஊர் டெக்னீஷியன் எங்கள் துண்டு ஒன்றைப் படிக்காமல் ஓட்டிவிட்டார். அவர் திரையிலும் ‘படிச்சியா?’ வந்தது. இது என்ன புது வைரஸ் என்று அவர் அனுப்பிய மெயில் முதலாளி வரைக்கும் போனது. மேனேஜர் அவமானத்தில் சிவந்துபோனார். சில்லறையில் இருந்த கற்கள் எல்லாவற்றையும் அன்றே பொறுக்கி எறியச் சொன்னார். மணியைக் கழற்றித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். மிஸ்ஸை மீன் கிடங்கு வேலையிலிருந்து எடுத்து, மூலையில் டெஸ்டிங்கில் உட்காரவைத்தார். ஆட்குறைப்பு என்று மேலேயிருந்து சொன்னபோது சந்தாபுராக்காரரை வீட்டுக்கு அனுப்பினார். எனக்குக் கோபம்தான். ஆனால் வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது, எல்லோரையும் போல வாயை மூடிக்கொண்டேன்.

மிஸ் மட்டும் வாயை மூடவில்லை. மேனேஜர் அறைக்குள் போய்ச் சொன்னதைக் கண்ணாடிக் கதவு வழியாக நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“கல்ல எடுக்கச் சொல்றீங்க, எடுத்துட்டேன். ஆனா இனிமே சில்லறைல கை வெக்கறவங்க படிக்காமதான் வெப்பாங்க. நீங்களும்தான் சார்.”

மிஸ் மூலைக்குப் போய் உட்கார்ந்து, டெஸ்டிங் பற்றிய தடிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

கிடங்கில் பழைய கருவிகளைக் கழற்றிவிட்டு எங்கள் புரோகிராமுக்கு மாறுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்திருந்தார்கள். அங்கே காலை, இங்கே மதியம். மாலைக்குள் அவர்களுக்கு மீன் லாரிகள் வர ஆரம்பித்துவிடும். நாங்கள் எல்லோரும் ஆபீஸில் ஸ்பீக்கர் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மிஸ் இல்லை. அந்த வேலையில் இல்லாதவரை யார் கூப்பிடப் போகிறார்கள்?

மாற்றிய கையோடு அங்கே சைரன்கள் அலற ஆரம்பித்தன. ஒன்று இல்லை, எல்லா அறைச் சைரனும். டெக்னீஷியன் என்ன சொல்கிறார் என்றே கேட்கவில்லை, அவ்வளவு சத்தம். பாதி அறைகளில் பெட்டி செத்துவிட்டது என்றது எங்கள் புரோகிராம், மீதி அறைகளில் வாய்க்கு வந்த குளிரைச் சொன்னது. பழைய கருவிகளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டார்கள், திரும்ப மாட்ட இரண்டு நாளாகும். எங்கள் ஆபீஸில் மேஜைமேல், குளிரில்லாமல், கமா போடாத ஒன்றிரண்டு உள்ளூர்ப் பெட்டிகளில் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடியிருந்தது. அங்கே என்ன ஆயிற்று என்று யாருக்கும் புரியவில்லை. மேனேஜர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஹாசன்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றாக மேனேஜரைப் பார்த்தோம். அவரே சொன்னார், மிஸ்ஸைக் கூப்பிடுங்கள் என்று.

மர்பி டவுனிலிருந்து தொம்மலூருக்கு ஸ்கூட்டியில் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் படியேறி வந்தார். ஸ்பீக்கர் போனில் அலறுகிற சைரன்களை நின்று கேட்டார். யாரும் எதுவும் விளக்குவதற்கு முன்னால் கான்ஃபிக் ஃபைலைத் திறக்கச் சொல்லி, மேலிருந்து கீழே படித்தார். ஃபைல் பார்ப்பதற்குப் பளிச்சென்று, ஒரு குறிப்பு இல்லாமல் சுத்தமாக இருந்தது.

“வாலெல்லாம் எங்க?”

மேனேஜர்தான் சொன்னார். கிளையன்ட் பார்க்கப்போகும் ஃபைலில் தமிழில் புலம்பல் எதற்கு என்று குறிப்புகளை எல்லாம் தானே எடுத்துவிட்டதாக. எதை வைத்து எடுத்தீர்கள் என்று மிஸ் கேட்டார். சில்லறையில் இருந்த ஒரு துண்டை வைத்து என்றார் மேனேஜர். மிஸ் சில்லறையைத் திறந்து அந்தத் துண்டை எங்கள் எல்லோருக்கும் காட்டினார். ஹாஷ் குறி உள்ள வரிகளைப் பொறுக்கி எறிகிற துண்டு. தலையில் இரண்டாவது வரி, எப்போது தொடக்கூடாது என்பது, தெளிவாக எழுதியிருந்தது: ‘வால் உள்ள ஃபைலில் தொடாதே, வாலோடு வரியும் போகும்.’

அந்தத் துண்டு குறிப்பை மட்டும் எடுக்காது. ஹாஷ் எங்கே இருந்தாலும் அந்த வரியையே முழுசாகத் தூக்கிவிடும். மொட்டை வரிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. வால் இருந்த வரிகள், அதாவது நாங்கள் அழுது கண்டுபிடித்த வரிகள் மட்டும், பொறுக்கி எடுத்த மாதிரி போயிருந்தன. ஒரு வரி இல்லையென்றால் புரோகிராம் சண்டை போடாது, தனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு ஓடும். அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. பேக்கப் டேப்புகளை மாற்றி மாற்றிப் போட்டதில் பழைய ஃபைல் இருந்த டேப்பின் மேலும் புது ஃபைல் ஏறிவிட்டிருந்தது. கல் அதே இடத்தில் இருந்திருந்தால் மேனேஜர் திரையில் ‘படிச்சியா?’ வந்திருக்கும். இது அவருக்கும் புரிந்தது, முகம் வெளுத்துவிட்டது.

மிஸ் குத்திக்காட்டுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் கண்ணில் கோபமே இல்லை. பண்டிகைக்கு வந்தவர் முகம் மாதிரி இருந்தது. ஏதாவது உடைந்தால் அவருக்கு அப்படித்தான். மேனேஜர் தயங்கித் தயங்கி, போன வரிகள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல சார். எழுதி வெக்கறதே மறக்கறதுக்குத்தான? அழுதவங்களக் கேளுங்க.”

அப்படிச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்து, போர்டு பக்கத்தில் மார்க்கரோடு நின்றார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். யார் எதற்காக அழுதீர்கள் என்று மட்டும் கேட்டார். ஹாசன்காரர் கையைத் தூக்கி, பெட்டிகள் குளிரில் பதில் சொல்ல நேரமாகும், அதுவரை செத்துவிட்டதாக நினைக்காதே என்ற வரி தன்னுடையது என்றார். எத்தனை நொடி என்று கேட்பதற்குள் சொல்லிவிட்டார். ஐந்து இல்லை, நாற்பது. எனக்குப் பொறுக்கவில்லை, “கமா என்னோடது” என்று கத்திவிட்டேன். வரியை எழுத்து பிசகாமல் சொன்னேன். அதுவரை எனக்கே தெரியாது, அது அப்படியே என் மண்டையில் உட்கார்ந்திருக்கிறது என்று. படித்தது மறந்துபோகும், இரண்டு நாள் பைத்தியமாகத் திரிந்தது எப்படி மறக்கும்? இன்னும் இரண்டு மூன்று பேர் தங்கள் தங்கள் வரியைச் சொன்னார்கள். மிஸ் எழுத எழுத, நான் ஃபைலில் ஏற்றி அங்கே அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

ஒவ்வொரு தடவையும் டெக்னீஷியன் புரோகிராமை நிறுத்தி ஓட்டுவார், நாங்கள் போனில் காதை வைத்துக் காத்திருப்போம். ஹாசன்காரருடைய வரிக்குச் செத்த பெட்டிகள் எல்லாம் பேச ஆரம்பித்தன. என் வரிக்குச் சைரன்களில் பெரும்பகுதி அடங்கியது. அந்த நிமிஷம் எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, அதை இப்போதும் நினைத்துக்கொள்வேன். கடைசியில் ஒரே ஒரு சைரன் மிச்சம். லாரியிலிருந்து மீனை இறக்கி உள்ளே எடுத்துப் போகும் முதல் அறை அது. முதல் லாரி துறைமுக கேட்டுக்கு வந்துவிட்டது என்றார் டெக்னீஷியன். இந்த அறை சரியாகாமல் ஒரு பெட்டி மீன்கூட உள்ளே போக முடியாது, லாரிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்றார்.

இதற்கு அழுதது யார் என்று மிஸ் சுற்றிப் பார்த்தார். யாரும் கை தூக்கவில்லை. ஹாசன்காரர் மெதுவாகச் சொன்னார், அது சந்தாபுராக்காரருடைய அறை என்று.

மேனேஜர் வேலையைவிட்டு அனுப்பிய மனிதர். போனை யார் செய்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மிஸ் நம்பரை எழுதி மேனேஜர் முன்னால் வைத்தார். மேனேஜர் அதை எடுத்து, இன்னொரு போனில், எங்கள் எல்லோர் முன்னாலேயும் பேசினார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். உங்களை அனுப்பியது தப்பு என்றும் சொன்னார். அதை அந்த நேரத்துக்காகச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று அப்போது யோசிக்க முடியவில்லை. சந்தாபுராக்காரர் குரல் ரிசீவரைத் தாண்டி எங்களுக்கே கேட்டது.

“அந்த வரிக்காவ எங்க அண்ணன் ரிசெப்ஷனுக்கே நா போகல சார். மறப்பனா? எழுதிக்குங்க.”

லாரி வரும் நாளில் அந்த அறையின் கதவு திறந்தேதான் இருக்கும். திறந்திருந்தால் குளிர் குறையத்தான் செய்யும். கதவு மூடி பன்னிரண்டு நிமிஷம் கழித்துத்தான் அலற வேண்டும் என்று ஒரு வரி. வரியின் பெயர், எண், நடுவில் எங்கே இடைவெளி என்பது வரைக்கும் சொன்னார். நான் ஏற்றினேன். அனுப்பினேன்.

டெக்னீஷியன் நிறுத்தினார். ஓட்டினார். சைரன் நின்றது.

ஸ்பீக்கர் போனில் அதுவரை கேட்காத ஒரு சத்தம் கேட்டது. கடல் பறவைகள் கத்துகின்றன. அப்புறம் ஒரு லாரி ரிவர்ஸ் வருகிற சத்தம். டெக்னீஷியன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார், எங்களுக்கு அது காதில் விழவில்லை, நாங்கள் அதற்குள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டிருந்தோம். ஹாசன்காரர் கன்னடத்தில் என்னென்னவோ சொல்லி அழுதார், நிஜமாகவே அழுதார். போனில் சந்தாபுராக்காரர் ‘ஆச்சா, ஆச்சா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆச்சு என்று எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம்.

மேனேஜர் தன் அறைக்குப் போய் டிராயரைத் திறந்து சைக்கிள் பெல்லை எடுத்து வந்தார். மிஸ்ஸிடம் நீட்டினார். மிஸ் வாங்கிக்கொண்டு இடது கையில் பிடித்து அடித்தார் பாருங்கள், அப்படி ஒரு அடி. விடாமல் அடித்தார். போனில் சந்தாபுராக்காரருக்குக் கேட்க வேண்டும் என்று ரிசீவர் பக்கத்தில் வைத்து அடித்தார். மீன் கிடங்குக்குக் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து அடித்தார். கீழேயிருந்து பேக்கரிக்காரர் என்ன ஆச்சு என்று மேலே ஏறி வந்துவிட்டார். வந்தவரிடம் இருக்கிற தில்பசந்த் அத்தனையும் மேலே அனுப்பச் சொன்னார் மிஸ். “யாரு?” என்று கத்தினார். வழக்கமாக அதற்கு அவரே ‘நாந்தான்’ என்று பதில் சொல்லிக்கொள்வார். அன்றைக்குச் சொல்லாமல் எங்களைப் பார்த்தார். “நாங்கதான்” என்று நாங்கள் கத்தினோம்.

திங்கட்கிழமை நான் ஆபீஸுக்குப் போனபோது மணி பழைய இடத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தது, மிஸ்ஸும் பழைய இடத்தில் இருந்தார். அடுத்த வாரமே சந்தாபுராக்காரர் இரண்டு பஸ் மாறி வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மீன் கிடங்குக்காரர்களுடைய மற்ற ஊர் வேலைகளும் ஒவ்வொன்றாக வந்தன. நாங்கள் முதல் மாடியையும் பிடித்தோம். சில்லறையில் எல்லாக் கற்களும் திரும்பிவிட்டன.

அந்த ஹாஷ் துண்டை நான் அந்தத் திங்கட்கிழமை காலையே திறந்து பார்த்தேன். கல் நடுவில் இருந்தது. தலையில் அழுதவர் என்ற வரியில் மேனேஜருடைய பெயர் இருந்தது. மிஸ் குசும்புக்குப் போட்டிருப்பார் என்று நினைத்து அவரிடம் கேட்டேன். தான் போடவில்லை என்றார். யார் போட்டது என்று பார்ப்பதற்குள் மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. நேராக மிஸ்ஸின் மேஜைக்கு வந்து நின்றார். மணியை ஒரு தடவை அடித்தார். நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தோம்.

“படிச்சிட்டேன் மிஸ்” என்றார்.